அய்யனார் காசும் அஞ்சலையின் பதினாறு நாளும்

கமலா அண்ணி புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு எங்கள் ஊர் சிமென்ட் களத்தில் மண்டியிட்ட காட்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். தஞ்சாவூரில் டைல்ஸ் தரையில் நடந்து பழகிய கால்கள். முன்னால் பச்சைப் பசேலென்று நாற்றுப் பாய்கள் வரிசையாகக் கிடந்தன. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

“நான் ஏன் வசந்தி எடுக்கணும்? ஆளுங்க இல்லையா?”

“நீங்கதான் எடுக்கணும் அண்ணி. வேற யாரு கையும் படக்கூடாது.”

அண்ணி என் வீட்டுக்காரரின் அக்கா. அவர் பேச்சை அந்த வீட்டில் யாரும் தட்டியதில்லை. அன்று நான் தட்டவில்லை, உட்காரவே வைத்துவிட்டேன்.

களத்து ஓரம், வேப்பமர நிழலில் அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளையும் மடியில் வைத்திருந்தாள். அப்படி வைக்கச் சொன்னதும் நான்தான்.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய மோட்டார் கொட்டகைச் சண்டையைப் படித்துவிட்டு மன்னார்குடி வாசகி ஒருவர், “உங்களுக்குக் கோபம் வந்தால் எப்படி அடங்கும்?” என்று கேட்டு எழுதியிருந்தார். அடங்காது, அம்மா. என் கோபம் என்னைவிட மூத்தது. நல்ல காரியத்துக்கு உதவியதும் உண்டு, என்னைக் குப்புறத் தள்ளியதும் உண்டு. இந்த வாரம் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

குதிரைமேல் இருப்பவர்

எங்கள் வீட்டில் ஒரு தங்கக் காசு இருக்கிறது. என் மாமனாரின் பாட்டனார் காலத்தில் நாகப்பட்டினம் பக்கம் நெல் மூட்டை ஏற்றிப் போனபோது ஏதோ கப்பல்காரனிடம் வந்தது என்பார்கள். அதற்கு மேல் யாருக்கும் தெரியாது. தெரியாத இடத்தையெல்லாம் ஆளுக்கொரு கதையால் நிரப்பிக்கொண்டோம்.

ஒரு பக்கம் தலையில் இலைமாலை கட்டிய ஒரு மனிதன். மறுபக்கம் குதிரை. குதிரைமேல் ஒருவர், கையில் ஒடிந்த ஈட்டி. குதிரையின் காலடியில் இறக்கை முளைத்த ஏதோ ஒரு பிராணி சுருண்டு கிடக்கும்.

குதிரைமேல் ஏறி வருபவர் எங்கள் பக்கத்தில் வேறு யாராக இருக்க முடியும்? ஊர் எல்லையில் வெள்ளைக் குதிரையில் உட்கார்ந்து வயலைக் காப்பவர்தான். அதனால் அது அய்யனார் காசு. இலைமாலைக்காரரை யாரும் சட்டை செய்யவில்லை. அவர் அய்யனாருக்கு முதுகுப் பக்கம், அவ்வளவுதான்.

குறுவைக்கு விதை ஊறப்போடும்போது அந்தக் காசை மஞ்சள் துணியில் முடிந்து விதைச் சாக்குக்குள் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். விதையோடு ஊறும், விதையோடு இருட்டில் முளைகட்டும். விதை விடும் நாளில், விடுகிற பெண்தான் அதை எடுத்து வீட்டுக்காரி கையில் கொடுக்க வேண்டும். அவளுக்குப் புதுப்புடவை, தலைவாழை இலையில் முதல் சோறு. எனக்குக் கல்யாணம் ஆகி வந்த சில வருஷத்திலிருந்து அந்தக் கை, எங்கள் வயலிலும் தெரு வீடுகளிலும் வேலை செய்யும் அஞ்சலையின் கை.

வந்த புதிதில் அதைத் தாலிக்கொடியில் கோத்துக்கொள்ள எனக்கு ஆசை. காசுக்குக் காது வைத்துத் தரச் சொல்லிக் கேட்டேன். மாமனார் சாப்பாட்டிலிருந்து நிமிரவே இல்லை. “அய்யனாரு தலையில காது வெச்சுப் பத்தவெக்கிறதா?” என்றார். என் ஆசை ரசத்தோடு முடிந்துபோனது.

அந்த ரசம்தான் பிற்பாடு காசைக் காப்பாற்றியது. சில வருஷங்களுக்கு முன் தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பழங்காசுக் கண்காட்சி போட்டிருந்தார்கள். அண்ணி காசை வாங்கிக்கொண்டு போய்க் காட்டினார், நானும் கூடப் போனேன். அங்கிருந்த பெரியவர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

“இது இங்கிலாந்து ராஜாவோட நாணயச்சாலையில அடிச்சதும்மா. நீராவி மிஷின் வந்த புதுசுல அடிச்ச தங்கம். பின்னாடி வந்த காசுல இந்தக் குதிரைக்காரரு கையில வாள் இருக்கும். ஒடிஞ்ச ஈட்டி ஆரம்பத்துல வந்ததுலதான். காது வெக்கல, ஓட்டை போடல. யாரு இவ்வளவு பத்திரமா வெச்சிருந்தது?”

ஒரு காலத்தில் காசு என்றால் ஒருவன் அச்சைப் பிடிக்க இன்னொருவன் சம்மட்டியால் அடிப்பானாம். ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. விளிம்பைச் சுரண்டித் தங்கம் திருடினாலும் தெரியாது. மிஷின் வந்தபிறகுதான் எல்லாக் காசும் ஒரே அச்சாக, விளிம்பில் பல்லுப் பல்லாக வந்தது என்றார். சுரண்டினால் பல் காட்டிக்கொடுத்துவிடும். நாம் எட்டு கிராமைப் பவுன் என்று சொல்வதே இந்தக் காசின் எடையை வைத்துத்தான் என்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணப் பேச்சில் எத்தனை பவுன், எத்தனை பவுன் என்று ஊரே கேட்கும். அசல் பவுன் எங்கள் வீட்டு நெல்லுக்குள் ஊறிக்கொண்டிருந்தது.

கவர்

அன்றிலிருந்து அண்ணிக்கு அது அய்யனார் காசாக இல்லை. அவரையும் குறை சொல்ல முடியாது. அப்பா கைப்பட்டது என்று அவரிடம் ஒரு டம்ளர்கூட இல்லை. எல்லாம் தம்பி வீட்டோடு தங்கிவிட்டது. இந்தக் காசையாவது தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள நினைத்தார்.

பெரியவர் கொடுத்த கெட்டியான பிளாஸ்டிக் கவர் ஒன்று, உள்ளங்கை அகலம் இருக்கும். காசு அதற்குள்தான் இருக்க வேண்டும். மஞ்சள் படக்கூடாது, வெறுங்கை படக்கூடாது, தேய்க்கக்கூடாது. வாரம் ஒரு முறை போன்.

அந்த வருஷம் விதை ஊறப்போடும் நாளில் போன் வந்தது.

“விதையில போட்டே ஆகணுமா வசந்தி?”

“போடணும் அண்ணி.”

“சரி, கவரோட போடு. மஞ்சத் துணியெல்லாம் வேணாம்.”

“சரிங்க அண்ணி” என்றேன். போனை வைத்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விதைக்குள் பிளாஸ்டிக்கா? அய்யனாரை அடைத்து வைத்து முளைகட்டச் சொல்வதா? மஞ்சள் துணி கூடாது என்றால் துணி வேண்டாம். அதற்காகக் கவரும் கிடையாது. கவரைப் பிரித்தேன். காசை வெறுமனே, ஈர நெல்லுக்குள் கைவிட்டு, அடி ஆழத்தில் வைத்தேன். கவரைப் பீரோவில் புடவைத்தட்டின் பேப்பருக்கு அடியில் செருகினேன்.

அண்ணி பேச்சையும் வீட்டு வழக்கத்தையும் மீறி என் இஷ்டத்துக்குச் செய்துவிட்டு, பெரிய நியாயம் செய்த மாதிரி கையை உதறிக்கொண்டு நின்றேன்.

ஆற்றில் தண்ணீர் விட்டிருந்தார்கள். எங்கள் வாய்க்காலுக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர் நடவுக்கு மிஷின் சொல்லியிருந்தோம். மிஷின் நடவுக்கு நாற்றைப் பாயாக வளர்க்க வேண்டும். பிளாஸ்டிக் தாளை விரித்து, மரச்சட்டத்தைப் போட்டு, மண்ணும் எருவும் நிரப்பி, முளைவிதையைத் தூவி, மேலே மெல்லிசாக மண் போட்டு மூடுவோம். பதினைந்து பதினாறு நாளில் வேர் பின்னிப் பாயாகிவிடும். அப்படியே சுருட்டி எடுக்கலாம். வயலில் தண்ணீர் இல்லாததால் அந்த வருஷம் களத்திலேயே போட்டோம்.

விதை விட்ட அன்று மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. மழை விழுமுன் மூடிவிட வேண்டும் என்று எல்லோரும் ஓடினோம். அஞ்சலை அரைப்படியால் அள்ளிச் சட்டத்தில் கொட்டக் கொட்ட, நானும் இன்னும் இரண்டு பெண்களும் மண் போட்டு மூடிக்கொண்டே போனோம். சாக்கு காலியானதும் அஞ்சலைதான் முதலில் கேட்டாள்.

“அக்கா, காசு வரலையே?”

சாக்கை உதறினோம். கூடையைக் கவிழ்த்தோம். மழைதான் வந்தது, காசு வரவில்லை.

பொய்

மறுநாள் காலை அண்ணி போன் செய்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

“கவரோடதான போட்ட?”

இல்லை என்றால் அப்புறம் ஆயுளுக்கும் பேச்சு கேட்க வேண்டும்.

“ஆமா அண்ணி. கவரோடதான்.”

அவ்வளவுதான் நான் சொன்ன பொய். நாலு வார்த்தைகூட இல்லை. ஆனால் அது எங்கே போய் விழும் என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.

“உள்ளங்கை அகலக் கவரு! விதையோட கண்ணுக்குத் தெரியாமப் போக அது என்ன கடுகா? எடுத்தவளுக்குத் தெரியும். ஸ்டேஷன்ல ஒரு கம்ப்ளைண்ட் எழுதிக் குடுக்கச் சொல்லு தம்பிய.”

எடுத்தவள் என்றால் அஞ்சலை. அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. எங்கள் தெருவில் ஒருத்தி, அஞ்சலை வாசல் பெருக்கிக்கொண்டிருக்கும்போதே உள்ளே பார்த்து, “பீரோவப் பூட்டிட்டியா?” என்று மகளிடம் சத்தமாகக் கேட்டாள். அஞ்சலை விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்துவிட்டாள். பிறகு அந்தத் தெருவில் யாரும் அவளை வேலைக்குக் கூப்பிடவில்லை.

நான் அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெட்கம் பாதி, வீம்பு பாதி. அதற்குப் பதிலாக ஒரு வைராக்கியத்தைப் பிடித்துக்கொண்டேன். காசு கிடைத்தே தீர வேண்டும், அண்ணி கையாலேயே கிடைக்க வேண்டும். உண்மை பேசும் தைரியம் இல்லாதவளுக்கு வைராக்கியம் சுலபம் என்று இப்போது தெரிகிறது.

அண்ணி தஞ்சாவூரிலிருந்து காரில் வந்து இறங்கினார். “மொத்தப் பாயையும் பிச்சுப் பாருங்க. நாத்து போனா நான் வாங்கித் தரேன்.”

அஞ்சலையைக் கூப்பிட்டனுப்பினோம். வந்தாள். அண்ணியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசினாள்.

“இப்பப் பிரிக்காதீங்கக்கா.”

“ஏன்? பயமா?” என்றார் அண்ணி.

“இப்பப் பிரிச்சு, காசு கெடச்சாலும் என் பேரு போனது போனதுதான். கம்ப்ளைண்டுன்னதும் பயந்து கொண்டாந்து போட்டுட்டான்னு சொல்லுவீங்க. வெத இப்பதான் மொளவிட்டிருக்கு. வேர் புடிக்கட்டும். நாத்து எடுக்கிற அன்னிக்குப் பாருங்க. காசு அன்னிக்கே விழுந்ததுன்னா, வேரு அதச் சுத்திப் புடிச்சிருக்கும். நேத்து போட்ட காச வேரு புடிக்காதுல்ல?”

என் வீட்டுக்காரர், சிங்கப்பூரில் பதினெட்டு வருஷம் கட்டட வேலை பார்த்து வந்தவர், பொதுவாக அக்கா முன்னால் வாய் திறக்காதவர், “அது சரிதான்” என்றார். அந்த வருஷம் அவர் பேசிய பெரிய வசனம் அது.

“அதுவரைக்கும் ஸ்டேஷன் பேச்சு யாரும் எடுக்கக் கூடாது” என்று நான் சொன்னேன். “அஞ்சலை இந்தக் களத்துப் பக்கமே வரமாட்டா. நானும் பாயத் தொடமாட்டேன். நாத்து எடுக்கிற அன்னிக்கு அண்ணி வந்து அவங்க கையால எடுக்கட்டும்.”

பீப் பீப்

இதைப் படிக்கும்போதே சிலர் கேட்பீர்கள், மெட்டல் டிடெக்டர் என்று ஒன்று இருக்கிறதே என்று. எங்களுக்கும் தோன்றியது. நான்காம் நாள் அண்ணி ஒரு நகைக்கடைக் காவலாளியைக் கையில் அந்தக் கருவியோடு அனுப்பிவைத்தார். மனிதர் முதல் பாயின்மேல் காட்டினார். பீப் என்றது. எல்லோரும் ஓடினோம். இரண்டாம் பாய், பீப். மூன்றாம் பாய், பீப். களம் முழுக்க ஓயாமல் கத்தியது.

களத்துக்கு அடியில் இரும்புக் கம்பி. எங்கள் ஊரில் எத்தனையோ கட்டடம் கட்டினார்கள், பெயருக்குச் சிமென்டைப் பூசிவிட்டுப் போனார்கள். எவனோ ஒரு புண்ணியவான் அந்தக் களத்துக்கு மட்டும் ஒழுங்காகக் கம்பி போட்டிருந்தான். காவலாளி மோர் குடித்துவிட்டுத் திரும்பினார்.

மற்ற நாளெல்லாம் பூவாளியால் தண்ணீர் தெளிப்பதுதான் வேலை. அதற்கும் வெளியூர்ப் பெண் ஒருத்தியை வைத்தேன். அஞ்சலை தினமும் களத்தைத் தாண்டித்தான் நூறு நாள் வேலைக்குப் போவாள். தலையைத் திருப்பாமல் போவாள். நான் வாசலில் நின்று பார்ப்பேன். ஒவ்வொரு நாளும் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று வாய்வரைக்கும் வரும். எச்சிலோடு விழுங்கிவிடுவேன். பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பேப்பர் தூக்கிக்கொண்டிருப்பதாகத் தோன்றும்.

வேர்

பதினாறாம் நாள்தான் நான் ஆரம்பத்தில் சொன்ன காலை.

அண்ணி ஒவ்வொரு பாயாகத் தூக்கி, அடிப்பக்கத்தைத் திருப்பி, விரலால் தடவிப் பார்த்து, சுருட்டி வைத்தார். இருநூற்றுச் சொச்சம் பாய். நாற்பதில் இடுப்பைப் பிடித்தார். எண்பதில் என்னைத் திட்டினார். நடவு மிஷின்காரர் மூன்று தடவை ஹாரன் அடித்துவிட்டு மரத்தடியில் படுத்துவிட்டார். ஊரில் பாதிப்பேர் களத்தில் நின்றார்கள்.

“இல்ல வசந்தி. இதுல இல்ல. எனக்கு அப்பவே தெரியும்.”

“இன்னும் பாய் இருக்கு அண்ணி.”

அஞ்சலையைப் பார்த்தேன். மடியில் வைத்த கை அசையவே இல்லை.

கடைசி வரிசைக்கு வந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. அண்ணி ஒரு பாயைத் திருப்பினார்.

அடிப்பக்கம் முழுக்க வெள்ளை வேர், கம்பளி மாதிரி பின்னிக் கிடந்தது. அதற்கு நடுவில் மஞ்சளாகக் குதிரை தெரிந்தது. அண்ணி விரலால் நெம்பினார், வரவில்லை. குறுக்கும் நெடுக்கும் வேர்கள் காசைக் கட்டிப் பிடித்திருந்தன. விளிம்புப் பல்லெல்லாம் வேர். ஒவ்வொன்றாக அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அவர் அறுக்க அறுக்க, சுற்றி நின்றவர்கள் குனிந்து எட்டிப் பார்த்தார்கள்.

அண்ணி காசை முந்தானையில் துடைத்தார். மஞ்சள் படக்கூடாது, வெறுங்கை படக்கூடாது என்ற பேச்செல்லாம் போய்விட்டது. எழுந்து வேப்பமரத்தடிக்கு நடந்தார். “தப்பா நெனச்சுட்டேன் அஞ்சலை” என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

“கவர் எங்க வசந்தி?”

கழன்று போயிருக்கும் என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் நம்பியிருப்பார்கள். காசு கிடைத்த சந்தோஷத்தில் யாரும் தோண்டியிருக்க மாட்டார்கள். நான் அஞ்சலையைப் பார்த்தேன். அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குள் போனேன். பேப்பருக்கு அடியிலிருந்து கவரை எடுத்து வந்து, களத்தில் எல்லோர் முன்னாலும் அண்ணி கையில் வைத்தேன்.

“கவர்ல போடல அண்ணி. வெறும் காசத்தான் போட்டேன். உங்களுக்குப் பயந்து பொய் சொன்னேன். அந்தப் பொய்யாலதான் இவ திருடியானா.”

அண்ணி திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. தன் கையிலிருந்த கவரையே பார்த்தார். நான் அஞ்சலையிடம் போனேன். மன்னிப்புக் கேட்க வாயெடுக்குமுன் அவள் பேசினாள்.

“எனக்குத் தெரியும்க்கா. அந்த அகலக் கவரு என் கைய மீறிப் போகுமா? வெறுங்காசாத்தான் இருந்திருக்கும்னு அன்னிக்கே தெரியும்.”

“அப்ப ஏன் சொல்லல?”

“நான் சொன்னா யாரு நம்புவா? நீங்க சொல்லணும்னு பாத்துக்கிட்டிருந்தேன். பதினாறு நாளாச்சு.”

எழுந்து, புடவையைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள். அந்த வருஷப் புடவை என் வீட்டிலேயே இருந்தது. தலைவாழை இலைக்கு அவள் வரவில்லை.

நாற்றை நட்டோம், குறுவை நன்றாகத்தான் விளைந்தது. காசு யாருக்கு என்பது எங்கள் குடும்பத்தில் இன்னும் முடிவாகவில்லை. கவர்ப் பேச்சை மட்டும் அண்ணி எடுப்பதில்லை.

அடுத்த குறுவைக்கு விதை விட அஞ்சலையைக் கூப்பிட மூன்று முறை அவள் வீட்டுக்குப் போனேன். முதல் தடவை, வேலை இருக்கிறது என்றாள். இரண்டாம் தடவை கதவையே திறக்கவில்லை. வேறு ஆளைப் பார்க்கலாமே என்றார் என் வீட்டுக்காரர். மாட்டேன் என்றேன். அந்தக் கை இல்லாமல் எங்கள் வீட்டு விதை இறங்காது என்று முடிவு செய்திருந்தேன். மூன்றாம் தடவை வாசலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில், “விதை ஊறப்போடுற அன்னிக்கே வரேன். போங்க” என்றாள்.

வந்தாள். மஞ்சள் நனைத்துக் காயவைத்த துணியைத் தன் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தாள். காசை என்னிடமிருந்து வாங்கித் துணியில் வைத்து இறுக்கி முடிந்தாள். அண்ணியும் அன்று வந்திருந்தார், அக்கம்பக்கத்தார் நாலைந்து பேர் இருந்தார்கள். முடிச்சை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தாள்.

“அக்கா, காசு எதுல இருக்குன்னு நீங்களே சொல்லுங்க.”

“மஞ்சத் துணியில இருக்கு” என்றேன்.

“சத்தமாச் சொல்லுங்க.”

“மஞ்சத் துணியில இருக்கு!”

அதற்குப் பிறகுதான் அதை விதைக்குள் இறக்கினாள். ஒவ்வொரு குறுவைக்கும் இப்படித்தான் கேட்கிறாள். இந்த வருஷமும் கேட்டாள். சத்தமாகச் சொன்னேன்.